இம்பிளாண்ட் வடிவமைக்கும் இன்ஜினீயருக்குச் செல் உயிரியல்: பெங்களூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பெங்களூர் பீன்யாவில், உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உடம்புக்குள் வைக்கும் தட்டும் திருகும் (இம்பிளாண்ட்) செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆறு வருடமாக டிசைன் வேலை பார்க்கிறேன். ஈரோட்டுப் பக்கம் மெக்கானிக்கல் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்ததால், உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. எங்கள் முதல் டைட்டானியம் தட்டு செல் நச்சுச் சோதனையில் தோற்றபோது, வந்த ரிப்போர்ட்டில் பாதி வரிகள் புரியவில்லை. ஒரே ஒரு எண் மட்டும் புரிந்தது: 41. ஒப்பீட்டுக்கு வைத்த செல்களின் உயிர்ப்பு 100 என்றால், எங்கள் தட்டை ஊறவைத்த திரவத்தில் வளர்ந்த செல்களுக்கு 41.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டரை மாதம் ஆனது. உலோகத்தில் குறை இல்லை, டிசைனிலும் இல்லை. கடைசியாகத் தட்டைக் கழுவிய தொட்டியில்தான் குறை இருந்தது. செல் எதைத் தொடுகிறது என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்த இரண்டரை மாதமும் செலவான பணமும் மிஞ்சியிருக்கும். இதே வேலைக்கு ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதிதாக வந்து சேரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஆறு மாதத்தில் முடியும்.

1. இம்பிளாண்ட் எங்கே இருக்கும், எத்தனை நாள் இருக்கும்

புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு தாள் எடுங்கள். உங்கள் இம்பிளாண்ட் உடம்பில் எதைத் தொடும், எவ்வளவு காலம் தொடும் என்று எழுதுங்கள். உடலுக்கு ஒவ்வுமா என்று மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. 10993 வரிசையின் முதல் பாகம் கேட்கும் அடிப்படைக் கேள்விகளும் இவைதான். 24 மணி நேரம் வரை ஒரு வகை. அதைத் தாண்டி 30 நாள் வரை இன்னொரு வகை. 30 நாளைத் தாண்டினால் நீண்டகாலத் தொடர்பு.

பலர் சறுக்குவது இங்கேதான். 'இது தற்காலிகமாக வைப்பதுதான், எடுத்துவிடுவோம்' என்று டாக்டர் சொல்வதைக் கேட்டு நடு வகையில் போட்டுவிடுவார்கள். நான்கு வாரத்தில் எடுக்க வேண்டிய கம்பி ஆறாவது வாரம் வரை இருந்துவிடுவது சாதாரணம். 30 நாளுக்குப் பக்கத்தில் வந்தாலே நீண்டகாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தைத் தொடுகிற ஸ்டென்ட், வால்வு போன்றவை என்றால் நான்காம் பாகமும் சேரும். அது இரத்தத்தோடு எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்கும் பாகம். எலும்புக்குள் வைப்பது என்றால் வேறு பட்டியல்.

அதே தாளில் கீழே மூலப்பொருளின் தர எண், ஒவ்வொரு உற்பத்திப் படி, கடைசிக் கழுவல், ஸ்டெரிலைஸ் செய்யும் முறை ஆகியவற்றை எழுதுங்கள். இந்தத் தாள் கடைசிவரை உங்கள் கையில் இருக்கும். சோதனைக்கூடம் இதைத்தான் கேட்கும், அனுமதிக் கோப்பிலும் இதுதான் போகும்.

2. செல் பாடத்தை நேர வரிசையில் படியுங்கள்

கல்லூரிப் புத்தகம் செல் சவ்வில் தொடங்கி மரபணுவுக்குப் போகும். நமக்கு அந்த வரிசை வேண்டாம். தட்டு உடம்புக்குள் போன நொடியிலிருந்து யார் யார் வந்து அதைத் தொடுகிறார்கள் என்ற வரிசையில் படித்தால், ஒவ்வொரு பாடமும் உங்கள் டிராயிங்கில் ஏதோ ஒரு குறிப்போடு வந்து சேரும்.

முதல் சில நொடிகளில் செல் எதுவும் வருவதில்லை. இரத்தத்தில் இருக்கும் புரதங்கள் உலோகத்தின் மேல் படிகின்றன. அளவில் சிறியதும் அதிகமாக இருப்பதுமான அல்புமின் போன்றவை முந்திக்கொள்ளும். பிறகு ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோநெக்டின் போல இறுகப் பிடிக்கும் புரதங்கள் அவற்றைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். இதற்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். பின்னால் வரும் செல் தன் சவ்வில் உள்ள இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதத்தால் இந்தப் புரதப் படலத்தைத்தான் பற்றுகிறது. டைட்டானியத்தை அது நேராகத் தொடுவதே இல்லை. எந்தப் புரதம், எந்தக் கோணத்தில் படியும் என்பதை உலோகத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் இருக்கும் ஆக்சைடும், அதன் மேல் ஒட்டிய அழுக்கும் தீர்மானிக்கின்றன. வெறும் காற்றில் திறந்து கிடந்தாலே டைட்டானியத்தின் மேல் ஹைட்ரோகார்பன் சேர்ந்து, நீர் பரவாத பரப்பாக மாறிவிடும். டிராயிங்கில் எழுதும் 'கழுவிப் பேக் செய்யவும்' என்ற ஒற்றை வரிக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

அடுத்து மணிக்கணக்கில். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து சேரும், பின்னாலேயே மேக்ரோஃபேஜ். தன்னால் விழுங்க முடியாத பெரிய பொருளைக் கண்டால் மேக்ரோஃபேஜ்கள் பல ஒன்றாக இணைந்து ராட்சதச் செல் ஆகும். இதே நேரத்தில் இன்னொரு கூட்டமும் இடம் பிடிக்கப் பார்க்கும். தோலிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்கள். அவை ஒட்டிக்கொண்டு பசைப் படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாடிக் உள்ளே போய் வேலை செய்வது மிகக் கடினம். பெரும்பாலும் இம்பிளாண்டையே எடுக்க வேண்டி வரும். குருட்டுத் துளையும் குறுகிய இடுக்கும் டிசைனில் ஏன் ஆகாது என்பது இந்த இடத்தில் புரியும். கழுவும் நீர் போகாத இடுக்கில் பாக்டீரியா போகும். அது சுமார் 1 மைக்ரான்தான்.

அளவுகளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். புரதம் சில நானோமீட்டர். பாக்டீரியா 1 மைக்ரான். இரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான். பரந்து படுத்த எலும்புச் செல் பல பத்து மைக்ரான். இப்போது உங்கள் டிராயிங்கில் உள்ள 'ஆர்.ஏ.' எண்ணைப் பாருங்கள். 1 முதல் 2 மைக்ரான் வரையிலான சொரசொரப்பு எலும்பு பிடிக்க உகந்தது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. லேத்தில் டூல் விட்டுப்போகும் கோடுகள் செல்லுக்கு வயல் வாய்க்கால் மாதிரி, அந்தத் திசையிலேயே செல் நீண்டு படுக்கும். ஃபினிஷ் என்பது அழகுக்கு என்று நினைத்த எனக்கு, இதைப் படித்த நாளிலிருந்து சர்ஃபேஸ் சிம்பல் போடும்போது கை ஒரு கணம் நிற்கிறது.

வாரக்கணக்கில் இரண்டு வழி. எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் வந்து ஒட்டினால் எலும்பு வளரும். ஃபைப்ரோபிளாஸ்ட் முந்திக்கொண்டால் இம்பிளாண்டைச் சுற்றி நார் உறை கட்டும். எது நடக்கும் என்பதில் நம் கையில் இருக்கும் பெரிய விஷயம் அசைவு. எலும்புக்கும் இம்பிளாண்டுக்கும் இடையிலான நுண் அசைவு சில பத்து மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு உள்ளே வளர முடியும். 150 மைக்ரான் அளவைத் தாண்டினால் பெரும்பாலும் நார்த்திசுதான். சரி, திருகின் பிடிமானத்தைக் கணக்குப் போடும்போது உடையுமா என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு நகரும் என்றும் பாருங்கள். துளைகள் உள்ள பரப்பு என்றால் துளை 100 மைக்ரானுக்குக் கீழே போகக் கூடாது. 300 முதல் 600 வரை இருந்தால் இரத்தக் குழாயும் எலும்பும் சேர்ந்தே உள்ளே வர வசதி.

மாதம், வருடம் என்று போகும்போது ஆஸ்டியோசைட் முக்கியம். எலும்பில் உள்ள செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். எலும்பு வளையும்போது நுண்கால்வாய்களில் நகரும் திரவத்தை உணர்ந்து, 'இங்கே சுமை இருக்கிறது, எலும்பு வேண்டும்' என்று மற்ற செல்களுக்குச் சொல்பவை இவை. டைட்டானியம் அலாயின் எலாஸ்டிக் மாடுலஸ் சுமார் 110 கிகாபாஸ்கல், 316எல் ஸ்டீல் 190 முதல் 200 வரை. கெட்டியான எலும்பு 20-ஐ ஒட்டி. தட்டு சுமையைத் தானே வாங்கிக்கொண்டால் ஆஸ்டியோசைட்டுக்குச் செய்தி வராது. ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பைக் கரைக்கத் தொடங்கும். இன்ஜினீயருக்குச் சட்டென்று பிடிபடும் பாடம் இது. இதிலிருந்து தொடங்கினாலும் தப்பில்லை. மூட்டு இம்பிளாண்ட் செய்பவர்கள் தேய்மானத் துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாலிஎத்திலீன் துகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அனுப்பும் சமிக்ஞைகளால்தான் பல வருடம் கழித்து எலும்பு கரைந்து மூட்டு தளர்கிறது.

3. படிக்க எங்கே, எவ்வளவு

அரசின் இணைய வகுப்புத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பயோமெட்டீரியல், டிஷ்யூ இன்ஜினீயரிங் வகுப்புகள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய். 8 வாரம் அல்லது 12 வாரம், ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். தேர்வு எழுதப் பெங்களூரிலேயே மையம் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் உதவுகிறது, எழுதிவிடுங்கள்.

ஆங்கிலச் சொற்கள் மிரட்டினால், தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பாடநூலைத் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். செல் அமைப்பு, செல் சுழற்சி, திசுக்கள் ஆகிய பாடங்கள் மட்டும் போதும். நான் அதைப் பீன்யா மெட்ரோவில் போகவர மூன்று வாரம் படித்தேன். அதன் பிறகுதான் ஆங்கிலப் புத்தகமே எனக்கு வழிவிட்டது. தாய்மொழியில் ஒருமுறை படித்ததை மனசு விடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் செல்லை உடனே மெஷின் ஆக்கிவிடுவோம்: மைட்டோகாண்ட்ரியா என்றால் ஜெனரேட்டர், சவ்வு என்றால் காம்பவுண்டு சுவர். பரீட்சைக்கு இது உதவும், டிசைனுக்கு உதவாது. ஒரே செல் வகை, எத்தனையாவது முறை பிரித்து வளர்த்தது என்பதைப் பொறுத்தே வேறு மாதிரி நடந்துகொள்ளும். பேரிங் அப்படி மாறாது.

4. ஒரு வாரமாவது லேபில் நில்லுங்கள்

செல்லைக் கண்ணால் பார்க்காமல் இந்த வேலையைக் கற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. பெங்களூரில் இதற்கு வழி இருக்கிறது. பெல்லாரி ரோட்டில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் சி-கேம்ப் என்ற உயிர்தொழில்நுட்ப மையம் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் ஐபேப் (பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அப்ளைடு பயோடெக்னாலஜி நிறுவனம்), பெங்களூரு பயோஇன்னொவேஷன் சென்டர் இரண்டும் இருக்கின்றன. பீன்யாவிலிருந்து பச்சைத் தடத்தில் ஆர்.வி. ரோடு போய் மஞ்சள் தடத்துக்கு மாறினால் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோவிலேயே போகலாம். இந்திய அறிவியல் கழகத்தில் பயோஇன்ஜினீயரிங் துறை நடத்தும் பொது உரைகளையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

பட்டறைக் கட்டணம் இடத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நானே செல்லைப் பிரித்து வளர்ப்பேனா, அல்லது செய்து காட்டுவதை மட்டும் பார்ப்பேனா? ஒரு ஹூடுக்கு (செல்லைக் கிருமி படாமல் கையாளும் பெட்டி) எத்தனை பேர்? வார நாளா, சனி ஞாயிறா? முதல் கேள்விக்கு 'பார்ப்பது மட்டும்' என்று பதில் வந்தால் போகாதீர்கள். செல் ஒட்டி, வளர்ந்து, நிறம் மாறுவதைப் பார்க்கக் குறைந்தது மூன்று நான்கு நாள் தேவை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார் நகல், புகைப்படம், உங்கள் நிறுவனம் லெட்டர்ஹெட்டில் தரும் அனுமதிக் கடிதம். மனித இரத்தமோ மனிதத் திசுவோ கையாளும் லேப் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட சான்று கேட்பார்கள். அந்த ஊசி மூன்று தவணை, வழக்கமாக ஆறு மாதம் ஆகும். இன்றே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள்.

நான் போன இடத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்த அக்கா கோலார் தங்கவயல் தமிழ். முதல் நாள் எல்929 என்ற எலிச் செல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைக் கூப்பிட்டார். வளர்ப்புத் தட்டின் அடியில் நூல் நூற்கும் கதிர் மாதிரி நீண்டு, ஒன்றையொன்று தொட்டுப் படுத்திருந்தன. செல்லின் பிடியை அறுக்கும் டிரிப்சின் என்ற நொதியை விட்டு இன்குபேட்டரில் வைத்து எடுத்தார். அதே செல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உருண்டையாகி, விளிம்பு பளிச்சென்று மின்னி, லேசாகத் தட்டியதும் மிதந்தன. "கால ஊனி நிக்கறதுதான் தம்பி இதுக்கு உசுரு. பிடி கிடைக்கலன்னா நாளைக்குச் செத்துரும்" என்றார். ஒட்டி வாழும் செல்கள் பிடிமானம் இழந்தால் தாமே சாகும் என்பதைப் புத்தகத்தில் பிறகுதான் படித்தேன். அந்த உருண்டைகளைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாக இல்லை.

அந்த வாரத்தில் இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்: 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு ஏன், செல் வளரும் திரவமான மீடியம் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறினால் அமிலம் ஏறிவிட்டது என்பது, காண்டாமினேஷன் கண்ணுக்கு எப்படித் தெரியும், கண்ணுக்குத் தெரியாத மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவுக்கு ஏன் தனிச் சோதனை என்பது.

சொந்தமாகச் செல் ரூம் கட்டலாமா என்று நிறுவன முதலாளிகள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹூடும் இன்குபேட்டரும் ஒருமுறைச் செலவு. ஆனால் மீடியத்தில் சேர்க்கும் சீரம் அரை லிட்டரே பல்லாயிரம் ரூபாய், அதோடு வாரம் ஏழு நாளும் செல்லைப் பார்க்க ஆள் வேண்டும். செல் வேண்டுமென்றால் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் கடிதமும் உறுதிமொழியும் தயாராக வைத்திருங்கள். முதல் இரண்டு வருடம் வாடகை லேபே சிக்கனம்.

5. சோதனைத் துண்டைத் தயார் செய்வது

இந்தப் படியில்தான் நான் தோற்றேன், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மூலப்பொருள் வாங்கும்போதே தொடங்குங்கள். டைட்டானியம் அலாய் என்றால் ஏ.எஸ்.டி.எம். எஃப்136 அல்லது ஐ.எஸ்.ஓ. 5832-3 என்று மில் சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். 'கிரேடு 5 தான் சார், ஒண்ணும் வித்தியாசம் இல்லை' என்று தொழிற்சாலைப் பயன்பாட்டுக் கம்பியைக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். ஹீட் நம்பர் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) கம்பியிலும் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

துண்டு, விற்கப்போகும் பொருள் கடந்துவரும் எல்லாப் படிகளையும் கடந்துவர வேண்டும். அதே மெஷின், அதே கூலண்ட், அதே பாலிஷ், அதே அனோடைசிங், அதே பேக்கிங், அதே ஸ்டெரிலைசேஷன். வெறும் கம்பியை வெட்டி அனுப்பினால் கம்பிதான் பாஸ் ஆகும்.

எங்கள் விஷயத்தில் நடந்தது இது. வெளியில் கொடுத்துத் தட்டுகளைக் கழுவி வாங்கினோம். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் தொட்டியும் கடைசியாக அலசும் தொட்டியும் ஒரே அல்ட்ராசானிக் தொட்டிதான், திரவத்தை மட்டும் மாற்றுவார்கள். அதுவும் எப்போதாவது. கூலண்டில் இருக்கும் கிருமிநாசினியும் சோப்பும் திருகு ஓட்டையின் மரைக்குள் தங்கிவிட்டன. நாங்கள் தட்டின் நீளத்தை மைக்ரானில் அளந்து கொண்டிருந்தோம். அந்த அக்காதான் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லா அளவும் எழுதியிருக்கீங்க தம்பி. கடைசியா எந்தத் தண்ணில கழுவினீங்கன்னு எங்க எழுதியிருக்கு?" எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அன்று முதல் செய்யும் வேலை: அலசிய தட்டைச் சாய்த்துப் பிடித்து, சுத்திகரித்த நீரை மேலே ஓடவிடுங்கள். பரப்பு சுத்தமாக இருந்தால் நீர் ஒரே தாளாக விரிந்து கீழே வடியும். எண்ணெய் இருந்தால் அந்த இடத்தில் நீர்த் தாள் கிழிந்து, முத்து முத்தாக ஒதுங்கும். வாழை இலையில் தண்ணீர் உருளுமே, அப்படி. செலவே இல்லை, அரை நிமிடம்தான். எங்கள் பழைய தட்டு ஒன்றில் இதைச் செய்தபோது ஆறு ஓட்டையைச் சுற்றியும் ஆறு வளையமாக நீர் விலகி நின்றது. 41 என்ற அந்த எண்ணை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இது எண்ணெய்ப் படலத்தை மட்டும்தான் காட்டும். நீரில் கரையும் சோப்பு எச்சத்துக்கு, அலசிய நீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பனை அளக்கக் கொடுங்கள்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். துண்டின் மேல் மார்க்கர் பேனாவால் எண் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எண் உறையில் இருக்கட்டும். பவுடர் இல்லாத கையுறை. எத்திலீன் ஆக்சைடு வாயுவில் ஸ்டெரிலைஸ் செய்தால் வாயு வெளியேறப் போதிய நேரம் கொடுங்கள், அந்த எச்சமே செல்லைக் கொல்லும். அதன் வரம்புகள் 10993-இன் ஏழாம் பாகத்தில் இருக்கின்றன. கழுவிய தேதி, தொட்டி, திரவம், நேரம் எல்லாம் ஒரு நோட்டில். ஒவ்வொரு லாட்டிலும் நான்கைந்து துண்டை எடுத்து வையுங்கள். எங்களைக் காப்பாற்றியவை அப்படி எடுத்து வைத்த துண்டுகள்தான்.

6. சோதனைக்குக் கொடுப்பது

முதலில் கொடுக்க வேண்டியது 10993-இன் ஐந்தாம் பாகம், செல் நச்சுச் சோதனை. வேகமானது, மலிவானது, விலங்கு தேவையில்லை. இதில் தோற்றுவிட்டு மற்றவற்றுக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

துண்டைத் திரவத்தில் ஊறவைத்து, அந்தத் திரவத்தில் செல்லை வளர்ப்பார்கள். எவ்வளவு திரவம் என்பதைப் பன்னிரண்டாம் பாகம் சொல்கிறது. கனம் 0.5 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 6 சதுர செ.மீ. பரப்பு, அதற்கு மேல் 3. தடித்த ரப்பர் வகை என்றால் 1.25. பரப்பைக் கணக்கிட முடியாத உருவம் என்றால் எடை, ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 கிராம். பரப்பை நீங்களே கேட் (கம்ப்யூட்டர் டிசைன்) மாடலிலிருந்து எடுத்துக் கொடுங்கள். 30 சதுர செ.மீ. பரப்புள்ள தட்டு என்றால் 10 மில்லிலிட்டர். லேபில் ஸ்கேல் வைத்து அளந்தால் மரையும் ஓட்டையும் விட்டுப்போகும், கணக்குத் தப்பும். முப்பரிமாண அச்சில் செய்த வலைப்பின்னல் துண்டுக்குப் பரப்பு பல மடங்கு ஏறும், அதை முன்கூட்டியே லேபுடன் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுக்க வேண்டிய தாள்கள்: சோதனைக் கோரிக்கைப் படிவம், மில் சான்றிதழ், லாட் எண், பரப்புக் கணக்கு, ஸ்டெரிலைஸ் செய்ததா இல்லையா என்ற குறிப்பு, முதல் படியில் எழுதிய அந்தத் தாள். டிராயிங் கொடுக்கும் முன் ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். லேபின் என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அங்கீகார அட்டவணையில் 'ஐ.எஸ்.ஓ. 10993-5' என்ற சோதனை பெயர் சொல்லி இருக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரம் உங்கள் தட்டுக்குச் செல்லாது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பயோமெடிக்கல் பிரிவு இந்தத் துறையில் நெடுநாள் அனுபவம் உள்ளது. வரிசை நீளம் என்றாலும் கேட்டுப் பாருங்கள்.

செலவு: குறைந்தது மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். எனக்கு வந்த மூன்றில் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்ததா, தோற்றால் மறுசோதனைக்கு முழுக் கட்டணமா, மூல எண்களைத் தருவார்களா என்று கேளுங்கள். எண்கள் இல்லாத வெறும் 'பாஸ்' தாள் பின்னால் எதற்கும் ஆகாது.

நேரம்: ஊறவைக்க 24 மணி முதல் 72 மணி வரை, செல்லோடு இன்னும் ஒரு நாள் அல்லது அதற்கு மேல். உண்மையான வேலை ஒரு வாரம். வரிசையும் ரிப்போர்ட்டும் சேர்த்து நான்கு முதல் ஆறு வாரம் என்று திட்டமிடுங்கள். ஒவ்வாமைச் சோதனைக்கு வாரக்கணக்கு. விலங்கில் வைத்துப் பார்க்கும் ஆறாம் பாகத்துக்கு 12 வாரம், 26 வாரம், சில பொருளுக்கு 52 வாரம்கூட. முதலீட்டாளருக்குத் தேதி சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

7. ரிப்போர்ட்டை வாசிப்பது

முதலில் ஒப்பீட்டுத் துண்டுகளைப் பாருங்கள், உங்கள் எண்ணைப் பிறகு பார்க்கலாம். தீங்கில்லாத துண்டில் செல் நன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். நச்சுத் துண்டில் செத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் அந்தச் சோதனையே செல்லாது, பாஸ் என்று எழுதியிருந்தாலும்.

எம்.டி.டி. முறையில் உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். அந்த ஊதா எவ்வளவு என்று அளப்பார்கள். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு. கண்ணால் பார்த்துத் தரம் போடும் முறை என்றால் 0 முதல் 4 வரை, 2-ஐத் தாண்டினால் நச்சு.

இரண்டு பொறி. மக்னீசியம் போல உடம்பில் கரையும் உலோகம் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: மக்னீசியம் செல் இல்லாமலே அந்தச் சாயத்தை ஊதா ஆக்கும், செத்த செல்லும் உயிரோடு இருப்பது போலக் காட்டும். வேறு முறை கேளுங்கள். இரண்டாவது, ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் எம்.ஜி.-63, சாவோஸ்-2 ஆகியவை எலும்புப் புற்றுநோயிலிருந்து வந்த செல்கள். அவை உங்கள் பரப்பில் நன்றாக வளர்ந்தால் மகிழலாம். நோயாளியின் எலும்பு அப்படியே ஒட்டும் என்று பிரசுரத்தில் போட அது போதாது. செல் சாகவில்லை என்பது ஒரு செய்தி, எலும்பு பிடித்தது என்பது வேறு செய்தி.

8. அனுமதிகள்

சோதனைக்காகச் செய்யும் துண்டுகளுக்கே உரிமம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவச் சாதன விதிகள் 2017-இன்படி எம்.டி.-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்.டி.-13 உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் ஒரு சாதனத்துக்கு 500 ரூபாய்தான். கட்டணம் சின்னது என்று தள்ளிப்போடாதீர்கள், பின்னால் கோப்பில் தேதி பார்ப்பார்கள். உரிமத் தேதிக்கு முன்னால் செய்த துண்டின் ரிப்போர்ட் கேள்விக்கு உள்ளாகும்.

விற்பனைக்கு என்றால், ஆபத்தின் அளவைப் பொறுத்த ஏ, பி, சி, டி வகைகளில் எலும்பு இம்பிளாண்டுகள் பெரும்பாலும் சி வகை. எம்.டி.-7 விண்ணப்பம், எம்.டி.-9 உரிமம். இடத்துக்கு 50,000 ரூபாய், ஒவ்வொரு சாதனத்துக்கும் 1,000 ரூபாய். விண்ணப்பிக்கும் முன் கட்டணப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள்.

விலங்குச் சோதனைக்கு, லேபின் நிறுவன விலங்கு நெறிக்குழுவிடம் படிவம் பி போக வேண்டும். முயல், எலி என்றால் அந்தக் குழுவே முடிவெடுக்கும். ஆடு, பன்றி என்றால் மத்தியக் குழு வரை போகும், மாதங்கள் கூடும். குழு நினைத்த நேரத்தில் கூடாது. அடுத்த கூட்டம் எப்போது என்று கொட்டேஷன் கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.

9. பணத்துக்கு ஒரு வழி

சொந்தமாக ஏதாவது செய்யும் யோசனை இருந்தால், உயிர்தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் தொடக்க மானியமான பிக், 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தனிநபரும் விண்ணப்பிக்கலாம். வருடம் இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் அழைப்பு வரும். பெங்களூரில் சி-கேம்ப் அதன் பங்காளி நிறுவனங்களில் ஒன்று. விண்ணப்பத்தில் செல் சோதனை, கழுவல் சரிபார்ப்பு, விலங்குச் சோதனை மூன்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். என் நண்பர் ஒருவர் 'டெஸ்டிங்' என்று ஒரே வரியில் போட்டார். நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி அந்த வரியைப் பற்றித்தான், பதில் அவரிடம் இல்லை. அடுத்த அழைப்புக்கு மூன்று கொட்டேஷனையும், மேலே சொன்ன அந்த ஒற்றைத் தாளையும் கையோடு எடுத்துப் போனார்.